சம்பந்திகள் சந்திக்கும் படங்களில் சிரிப்பு எங்கே பிறக்கிறது?

பெண்ணும் பையனும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். கல்யாணத் தேதியும் ஏறக்குறைய குறித்தாகிவிட்டது. பாக்கி இருப்பது ஒன்றுதான். இரு வீட்டுப் பெற்றோரும் ஒருவரையொருவர் இன்னும் பார்த்ததில்லை. அவர்களை ஒரே சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். இந்த ஒரே சூழ்நிலையை வைத்துக்கொண்டு ஹாலிவுட் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிரிப்புப் படம் எடுத்து வருகிறது. அவற்றில் சில, சினிமா நகைச்சுவையிலேயே முதல் வரிசையில் வைக்க வேண்டியவை. அவை எப்படிச் சிரிக்க வைக்கின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இந்தப் படங்கள் எதையும் நீங்கள் முன்பே பார்த்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் பார்த்து முடிக்கும் நம்மூர்க் கல்யாணங்களில் வரிசை வேறு. ஜாதகம், குடும்பம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பும். பிடிக்கவில்லை என்றால் பேச்சுவார்த்தை முதல் நாளே முறிந்துவிடும். அமெரிக்கக் கதைகளில் பிள்ளைகள் காதலித்து, முடிவெடுத்து, மோதிரமும் போட்ட பிறகு கடைசியாகத்தான் பெற்றோர் வருகிறார்கள். மறுக்கும் உரிமை அவர்களுக்குப் பெயரளவில்தான். எதிரே உட்கார்ந்திருப்பவரை எவ்வளவு பிடிக்காவிட்டாலும் சிரித்த முகத்தோடு இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்ள வேண்டும். கதை ஓடத் தொடங்குவது இந்தக் கட்டாயத்தில்தான்.

இந்த வகைப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "இரு குடும்பங்களும் மோதிக்கொள்ளும், அதனால் சிரிப்பு வரும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. மோதல் வெடித்த பிறகு சிரிப்பு குறைந்துவிடும். சண்டை வந்துவிடக் கூடாதே என்று அந்த மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் படுகிற பாடுதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. நல்ல படம் அந்தப் பாட்டை நீட்டிக்கொண்டே போகும். சுமாரான படம் அவசரப்பட்டு உடைத்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள 1996இல் வெளிவந்த 'தி பேர்ட்கேஜ்' படத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். இயக்கியவர் மைக் நிக்கோல்ஸ், திரைக்கதை எலைன் மே. இருவரும் 1950களின் இறுதியில் மேடையில் ஜோடியாக நகைச்சுவை செய்து புகழ்பெற்றவர்கள். படத்தின் மூலம், ஷான் புவாரே எழுதி 1973இல் பாரிஸில் மேடையேறிய பிரெஞ்சு நாடகம். 1978இல் எதுவார் மொலினாரோ அதைப் படமாக்கினார். அமெரிக்கப் படம் அந்தக் கதையை மியாமியின் சவுத் பீச்சுக்குக் கொண்டுவருகிறது.

அங்கே ஆர்மண்ட் என்பவர் ஓர் இரவு விடுதி நடத்துகிறார். பெண் வேடமிட்டு ஆடிப் பாடும் ஆண்களின் நிகழ்ச்சிதான் அதன் சிறப்பு. அதில் முதன்மைக் கலைஞர் ஆல்பர்ட், ஆர்மண்டின் நெடுநாள் வாழ்க்கைத் துணைவர். இருவரும் சேர்ந்து வளர்த்த பையன் வால். அவன் ஒருநாள் வந்து, "கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன்" என்கிறான். பெண்ணின் அப்பா கெவின் கீலி ஒரு செனட்டர், ஒழுக்கத்தைக் காக்க என்றே அமைக்கப்பட்ட அமைப்பில் முக்கியப் புள்ளி. அவரோ தன் பெண் சொன்னதை நம்பி, மாப்பிள்ளையின் அப்பா கிரேக்க நாட்டோடு தொடர்புள்ள பண்பாட்டுத் தூதர், அம்மா வீட்டோடு இருக்கும் குடும்பத் தலைவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. மறைக்க வேண்டியது ஒரு பக்கம் மட்டும் இல்லை. செனட்டரின் அரசியல் கூட்டாளி அவமானகரமான சூழ்நிலையில் இறந்துபோயிருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் கீலியின் வீட்டு வாசலில் கூடாரமடித்துவிட்டார்கள். ஒரு நல்ல குடும்பத்தோடு ஊரறியக் கல்யாணம் நடந்தால் பெயர் தப்பும் என்று செனட்டரின் மனைவி கணக்குப் போடுகிறார். ஆக இரு தரப்புக்கும் இந்தச் சம்பந்தம் வேண்டும். இரு தரப்பும் மற்றவரிடம் நல்ல பெயர் வாங்கியே ஆக வேண்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போகும் வசதி யாருக்கும் கிடையாது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்று நம் ஊரில் சொல்வதை எலைன் மே கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவருடைய திரைக்கதை அதைத்தான் படிப்படியாகச் செய்து காட்டுகிறது. முதல் பொய்யைக் காப்பாற்ற வீட்டின் அலங்காரத்தை மாற்ற வேண்டும். சிலைகளும் படங்களும் வெளியே போகின்றன, சிலுவை உள்ளே வருகிறது. ஆல்பர்ட்டை மாமாவாக மாற்றப் பார்க்கிறார்கள். ஆண் மாதிரி நடப்பது எப்படி, ரொட்டியில் ஆண் மாதிரி தடவுவது எப்படி என்று பாடம் நடக்கிறது. வீட்டு வேலை செய்யும் அகடோர் கிரேக்கப் பணியாளர் வேடம் போட வேண்டும். அவருக்கோ ஷூ போட்டு நடந்து பழக்கமே இல்லை, அடிக்கடி தடுக்கி விழுகிறார். வாலைப் பெற்ற தாய் வந்து ஓர் இரவுக்கு மட்டும் அம்மாவாக உட்கார ஒப்புக்கொள்கிறார். அவர் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக்கொள்ள, ஆல்பர்ட் தாமே புடவைக்கு நிகரான கண்ணியமான உடையும் விக்கும் அணிந்து, வாலின் அம்மாவாக அறைக்குள் நுழைகிறார்.

இந்த அமைப்புக்கு நாடக உலகில் ஃபார்ஸ் என்று பெயர். ஒரு சின்னப் பொய், அதைக் காக்க இன்னொரு பொய், அதன் பிறகு வேகம். கதவுகள் திறந்து மூடும், வரக் கூடாதவர் வருவார், வர வேண்டியவர் தாமதிப்பார். நன்றாக எழுதிய ஃபார்ஸில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியிலிருந்து தவிர்க்க முடியாமல் பிறக்கும். நம்ப முடியாத இடத்தில் வந்து நிற்கும்போது, எப்படி இங்கே வந்தோம் என்று திரும்பிப் பார்த்தால் எல்லாமே நியாயமாகத்தான் தெரியும்.

இப்போது சாப்பாட்டு மேசை. அகடோர் செய்து வைத்திருப்பது வெறும் சூப். அது பரிமாறப்படும் கிண்ணங்களின் அடியில், பழங்காலக் கிரேக்க ஓவிய பாணியில் ஆடையில்லாத இளைஞர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். கிண்ணங்களை ஒளிக்க யாருக்கும் நினைவில்லை. விருந்தாளிகள் அந்தப் படத்தை உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஆர்மண்ட் பாய்ந்து வந்து கிண்ணம் கிண்ணமாகச் சூப்பை ஊற்றி மூடுகிறார். செனட்டர் தம்பதியர் சந்தேகப்படுகிறார்களா இல்லையா என்பது நமக்கு உறுதியாகத் தெரிவதில்லை. அவர்களும் விருந்தாளிகள் அல்லவா? பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்வது மரியாதை இல்லை. பேச்சு வறண்டுபோகும்போது செனட்டர் வழியில் கண்ட மரங்களையும் நிலக்காட்சியையும் பற்றிப் பேசிப் பேசியே மௌனத்தை நிரப்புகிறார். ஜீன் ஹேக்மன் அந்த வசனத்தில் ஒரு துளிகூட நகைச்சுவை சேர்க்காமல், முழு மனதோடு பேசுகிறார். அரங்கம் சிரிப்பில் அதிர்வது அதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு கலைச்சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்ட்ரெய்ட் மேன். நகைச்சுவை ஜோடிகளில் கோமாளித்தனம் செய்யாமல், தலையில் கைவைத்துக்கொண்டு நிலைமையைச் சமாளிக்கிறவருக்கு இந்தப் பெயர். கவுண்டமணி, செந்திலைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஜோடி நகைச்சுவை புதிதில்லை. ஆனால் ஸ்ட்ரெய்ட் மேன் அப்படிப்பட்ட ஜோடியில் அடிப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர். சம்பந்திப் படங்களின் உயிர் இவரிடம்தான் இருக்கிறது.

ராபின் வில்லியம்ஸுக்கு முதலில் கொடுக்க வந்தது ஆல்பர்ட் வேடம். பெண் வேடம், அலறல், மயக்கம், அழுகை என்று அவர் துள்ளி விளையாட எல்லாம் அதில் இருந்தது. 1993இல்தான் 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தில் பெண் வேடமிட்டு உலகைச் சிரிக்க வைத்திருந்தார். அவர் அதை விட்டுவிட்டு ஆர்மண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆல்பர்ட்டாக நேதன் லேன் நடித்தார். அடக்கவே முடியாத ஒரு நடிகர் படம் முழுக்கத் தன்னை அடக்கிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போது நமக்கு மூச்சு முட்டுகிறது. வில்லியம்ஸ் செய்தவற்றிலேயே நுட்பமான வேலைகளில் இதையும் ஒன்றாகச் சொல்வேன்.

பார்வையாளருக்கு எல்லாம் தெரியும், கதாபாத்திரத்துக்குத் தெரியாது என்ற நிலையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. நாடக முரண் என்று இதைச் சொல்வார்கள். ஆல்பர்ட்டின் 'அம்மா' செனட்டரோடு பேசத் தொடங்கியதும் செனட்டருக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போகிறது. பழைய காலத்துப் பண்பு மாறாத பெண்மணி என்று மனம் குளிர்கிறார். நாம் சிரிக்கிறோம். சிரித்தபடியே ஓர் உண்மையும் உறைக்கிறது: ஆல்பர்ட் அந்தப் பையனுக்கு உண்மையாகவே அம்மாவாகத்தான் இருந்திருக்கிறார். அந்த மேசையில் பேசப்படும் பெரிய பொய், ஒருவிதத்தில் அங்கே இருக்கும் ஒரே உண்மை. அதனால்தான் கடைசியில் வால் எழுந்து ஆல்பர்ட்டின் விக்கை எடுத்துவிட்டு, இவர்தான் என் அம்மா என்று சொல்லும் இடம் அவ்வளவு கனமாக விழுகிறது. இரண்டு மணி நேரமாக எல்லோரும் அடக்கி வைத்திருந்தது அந்த ஒரே செயலில் அவிழ்கிறது.

இதே சூத்திரத்தை முற்றிலும் வேறு திசையில் கொண்டுபோன படம் 1979இல் வந்த 'தி இன்-லாஸ்'. ஆர்தர் ஹில்லர் இயக்கம், ஆண்ட்ரூ பெர்க்மன் எழுத்து. பெண்ணின் அப்பா ஷெல்டன், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பல் மருத்துவர், ஆலன் ஆர்க்கின் நடித்தது. பையனின் அப்பா வின்ஸ், பீட்டர் ஃபாக் நடித்தது. முதல் விருந்திலேயே வின்ஸ், குவாத்தமாலா காட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் ராட்சத ஈக்களைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கதை சொல்கிறார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, நேற்றுச் சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல. கேமரா ஆர்க்கினின் முகத்தைக் காட்டும்போதுதான் காட்சி முழுமையாகிறது. சம்பந்தி ஆகப் போகிறவர் பைத்தியமா, பொய்யரா? எதுவானாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் வின்ஸ் பல் மருத்துவமனைக்கே வந்து ஒரு சின்ன உதவி கேட்கிறார். என் அலுவலகத்துக்குப் போய்ப் பெட்டகத்திலிருந்து ஒன்றை எடுத்து வந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. பழக்கமில்லாத ஒருவர் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடலாம். நண்பர் கேட்டால் ஏன், எதற்கு என்று விசாரிக்கலாம். கல்யாணத்துக்கு முன்பு சம்பந்தி கேட்டால்? ஷெல்டன் போகிறார். துப்பாக்கிச் சூட்டில் மாட்டுகிறார். அமெரிக்க அரசுக்குச் சொந்தமான, பணம் அச்சிடும் தகடுகள் திருடுபோன விவகாரத்தில் இழுக்கப்பட்டு, இரண்டு அப்பாக்களும் ஒரு கற்பனை லத்தீன் அமெரிக்க நாட்டில் துப்பாக்கிப் படையின் முன்னால் போய் நிற்கிறார்கள். அவ்வளவு தூரம் கதை ஓடியதற்குக் காரணம் ஒரு மரியாதை, முடியாது என்று சொல்லத் தயங்கிய ஒரு கணம். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அதுதான். 2003இல் மைக்கேல் டக்ளஸும் ஆல்பர்ட் புரூக்ஸும் நடித்து இது மறுபடி எடுக்கப்பட்டது. முந்தையதில் இருந்த அந்த நிதானமான தொனி அதில் கைகூடவில்லை.

மோதலின் பொருள் என்ன என்பதும் முக்கியம். பணமும் அந்தஸ்தும் மட்டும் என்றால் படம் சீக்கிரம் தட்டையாகிவிடும். எப்படி வாழ்வது சரி என்பதில் இரு வீடும் வேறுபட வேண்டும். ஜார்ஜ் காஃப்மனும் மாஸ் ஹார்ட்டும் எழுதி 1936இல் மேடையேறிய 'யூ காண்ட் டேக் இட் வித் யூ' நாடகம் இதற்கு முன்மாதிரி. 1937இல் புலிட்சர் பரிசு பெற்ற அதை ஃபிராங்க் காப்ரா 1938இல் படமாக்கினார். சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்று இரண்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. பெண் வீட்டில் ஆளுக்கொரு பித்து. ஒருவர் நிலவறையில் வாணவேடிக்கை தயாரிக்கிறார். அம்மா நாடகம் எழுதுகிறார், காரணம் எப்போதோ தவறுதலாக ஒரு தட்டச்சுப்பொறி வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு மகள் கூடத்திலேயே பாலே பயிற்சி செய்கிறாள். பையன் வீடு பெரும் வங்கிக் குடும்பம். விருந்துக்குக் குறித்த நாளுக்கு முந்தின இரவே பையன் தன் பெற்றோரை அழைத்து வந்துவிடுகிறான், வேண்டுமென்றேதான். இவர்கள் இயல்பாக இருப்பதை அவர்கள் பார்க்கட்டும் என்பது அவன் எண்ணம். அந்த இரவு, நிலவறை வாணவேடிக்கை வெடித்து, இரு குடும்பமும் காவல் நிலையத்தில் முடிகிறது. நடிப்பதற்கு நேரமே கொடுக்காமல் இரு வீட்டாரையும் சந்திக்க வைத்தால் என்ன ஆகும் என்ற சோதனை இது. பொய்யே இல்லாமலும் ஃபார்ஸ் நடக்கும் என்று காட்டியது இதன் சாதனை.

2004இல் வந்த 'மீட் தி ஃபோக்கர்ஸ்' படத்திலும் நல்ல மோதல் இருக்கிறது. பெண்ணின் அப்பா ஜாக், முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி, ராபர்ட் டி நீரோ. பையனின் பெற்றோர் டஸ்டின் ஹாஃப்மனும் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டும், மனதில் பட்டதையெல்லாம் பேசிக் கட்டியணைக்கும் ஃபுளோரிடா தம்பதி. மகன் சின்ன வயதில் ஒன்பதாம் இடம் பிடித்ததற்கு வாங்கிய ரிப்பனைக்கூட அவர்கள் சுவரில் மாட்டிக் கொண்டாடியிருக்கிறார்கள். வெற்றி ஒன்றையே மதிக்கும் ஜாக் அந்தச் சுவரின் முன் நிற்கும் காட்சி, பிள்ளை வளர்ப்பு பற்றிய ஒரு முழு விவாதம். ஆனால் அந்தக் காட்சிக்குப் பிறகு படம் பொறுமை இழந்துவிடுகிறது. எல்லோரும் எல்லாவற்றையும் உரக்கச் சொல்லத் தொடங்குகிறார்கள், அடக்குவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. இதன் முதல் பாகமான 2000ஆம் ஆண்டின் 'மீட் தி பேரண்ட்ஸ்' என்னைப் பொறுத்தவரை சிறந்ததாக இருப்பதற்கு இதுவே காரணம். அங்கே மாப்பிள்ளை ஆகப் போகிறவன் ஒவ்வொரு விபத்தின்போதும் பணிவாகச் சிரித்துக்கொண்டே நிற்கிறான்.

சத்தமே இல்லாமலும் இதைச் செய்ய முடியும். 2002இன் 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' படத்தில் மாப்பிள்ளையின் பெற்றோர், அமைதியான சிறு விருந்து என்று நினைத்துச் சிகாகோவில் உள்ள கிரேக்கக் குடும்பத்தின் வீட்டுக்கு வருகிறார்கள். வாசலில் முழு ஆடு சுழன்று வெந்துகொண்டிருக்கிறது, சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த கேக் நடுவில் ஓட்டை உள்ள வகை. பெண்ணின் அம்மாவுக்கு அது என்னவென்றே புரியவில்லை. அடுத்த முறை அதைப் பார்க்கும்போது ஓட்டையில் ஒரு பூந்தொட்டி உட்கார்ந்திருக்கிறது. பரிசைக் கெடுத்ததாக யாரும் நினைக்கவில்லை, குறையைச் சரிசெய்து கௌரவித்ததாகவே நினைக்கிறார்கள். யாரும் யாரையும் புண்படுத்தவில்லை, ஆனாலும் இரண்டு உலகங்களுக்கு நடுவே இருக்கும் தூரம் முழுவதும் அந்தக் கேக்கில் தெரிகிறது.

எதற்காக இவ்வளவு பாடு என்ற கேள்விக்கு வலுவான பதில் இல்லாவிட்டால் எதுவும் எடுபடாது. 1967இல் ஸ்டான்லி கிராமர் இயக்கிய 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' படம் பாதிதான் நகைச்சுவை. ஆனால் பணயம் என்றால் என்ன என்பதை அதுபோல வேறு படம் காட்டவில்லை. வெள்ளைக்காரப் பெண், கறுப்பின மருத்துவர். சிட்னி பாய்ட்டியேவின் பாத்திரம் அன்றிரவே விமானம் ஏற வேண்டும், அதற்குள் இரு வீட்டுப் பெற்றோரும் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரே விருந்தில் சந்தித்து முடிவு சொல்ல வேண்டும். கலப்பினத் திருமணத்தைத் தடைசெய்த சட்டங்கள் அந்த ஆண்டு ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை 16 மாநிலங்களில் நடப்பில் இருந்தன. அந்த மேசையில் இருவர் தயங்கும்போது தயங்கியது ஒரு நாடு. அம்மாக்கள் இருவரும் முதலில் இளகுவதும், அப்பாக்கள் இருவரும் கடைசிவரை முறுக்கிக்கொள்வதும் கவனிக்க வேண்டியவை.

முறுக்கிக்கொள்ளும் அப்பா என்ற பாத்திரத்துக்கு வயது இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேல். கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டர் கி.மு. 316இல் அரங்கேற்றிய 'டிஸ்கோலோஸ்' நாடகத்தில் நெமோன் என்ற சிடுமூஞ்சி விவசாயி இருக்கிறார். மனிதர் முகத்தில் விழிக்கவே பிடிக்காதவர். அவர் மகளைப் பணக்கார வீட்டு இளைஞன் ஒருவன் விரும்புகிறான். இடையில் நெமோன் கிணற்றில் விழுந்து, பிறர் தூக்கிவிட வேண்டியதாகிறது. பல நூற்றாண்டுகள் தொலைந்து கிடந்த இந்த நாடகம், எகிப்தின் பாப்பிரஸ் ஏடு ஒன்றில் அகப்பட்டு 1958இல்தான் அச்சேறியது. அதன் முடிவில் கல்யாண விருந்துக்கு வர மறுக்கும் நெமோனைத் தூக்கி வந்து ஆட வைக்கிறார்கள். 'தி பேர்ட்கேஜ்' எடுத்தவர்கள் மெனாண்டரைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தின் முடிவில் செனட்டர், பத்திரிகைக்காரர்களிடமிருந்து தப்ப வெள்ளை கவுனும் விக்கும் அணிந்து விடுதிக் கூட்டத்தோடு ஆடியபடி வெளியேற வேண்டியிருக்கிறது. தன்னோடு ஆட யாரும் வரவில்லையே, இந்த வெள்ளை உடையில் குண்டாகத் தெரிகிறேனோ என்று அவர் கவலைப்படுகிறார். ஒழுக்கக் காவலர் என்ற வேடத்தை அவர் கழற்றுவது அந்த ஒரு கவலையில்தான். பிடிவாதக்காரரைத் தண்டிக்காமல் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது இந்த வகைக் கதையின் மிகப் பழைய கருணை.

தொடங்குகிறவர்கள் 'தி பேர்ட்கேஜ்' படத்தை முதலில் பாருங்கள். முடிந்தால் விருந்துக் காட்சியை இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதிலேயே பாதி திரைக்கதை இருப்பது தெரியும். அடுத்து 1979ஆம் ஆண்டின் 'தி இன்-லாஸ்', அதில் ஆர்க்கினின் முகத்தை மட்டும் கவனித்தால் போதும். கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அதன் பிறகு காப்ரா. வீட்டில் பெரியவர்கள், குழந்தைகளோடு சேர்ந்து பார்ப்பதென்றால் கிரேக்கக் கல்யாணப் படம் நல்லது. 'மீட் தி ஃபோக்கர்ஸ்' படத்தில் கொச்சையான நகைச்சுவை நிறைய உண்டு, அதைப் பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம்.